குரங்குக்கு நீட்டிய ரைபிள்

ஞாயிறு இரவு, பெருங்களத்தூர்.

மாவட்ட ஏர் ரைபிள் போட்டியில் இன்று கடைசியாக வந்தேன். குண்டுகள் எல்லாம் இடப்பக்கமே போயின. குறிபார்க்கும் சைட்டை எத்தனை முறை சரிசெய்தாலும் மறுபடி நகர்ந்துவிட்டது. கோச் வாங்கிப் பார்த்துவிட்டு, "மேடம், இது எங்கயோ நல்லா கீழ விழுந்திருக்கு" என்றார். என் ரைபிளை நான் ஒருநாளும் கீழே போட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"மொட்டை மாடில வத்தல் காயப்போட்டிருந்தல்ல, குரங்கு வந்துச்சு. சும்மா பயமுறுத்தலாம்னு எடுத்துட்டுப் போனேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"போட்டி நேரத்துல உன்ன டென்ஷன் பண்ண வேணாம்னுதான்."

தினமும் இருட்டோடு எழுந்து பயிற்சிக்கு ஓடியவளுக்கு டென்ஷன் வரக்கூடாதாம்!

"சரி, குரங்காவது பயந்துச்சா?"

ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"பல்லக் காட்டிட்டு மேல பாஞ்சுச்சு. அப்படியே போட்டுட்டு ஓடி வந்துட்டேன். அது வத்தலைத் தின்னு முடிச்சுட்டுப் போனப்புறம்தான் எடுத்தேன்."

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதை அவர் பார்த்தால் என் கோபத்துக்கு மரியாதை இருக்காது. அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இன்றைக்கு அவருக்கு ஹால் சோபாதான்.