நேரம் சொல்லாத கச்சேரி

மகளே,

வீணைக்காக நர்ஸ் வேலையை நீ விட்டதைப் பற்றி இதில் ஒன்றும் எழுதப்போவதில்லை. அக்ரஹாரத்தில் நீ இருக்கும் அறைக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம்தான். நேரில் வந்தால் கத்திவிடுவேன் என்றுதான் கடிதம்.

நேற்று இந்த ஊர்க் கன்னட ரேடியோவில் நாள் முழுக்க சங்கீதம், அதில் நீயும் வீணை வாசிக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். எத்தனை மணிக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் சர்ச் பாட்டைத் தவிர எதுவும் தெரியாத நான், காலை ஆறு மணியிலிருந்து நாதஸ்வரம், நாட்டியம் பற்றிய பேச்சு, இந்துஸ்தானி என்று ஒன்றுவிடாமல் கேட்டேன்.

பதினொரு மணிக்கு ஒரு வீணை வந்தது. குக்கர் விசிலில் பெயர் காதில் விழவில்லை. அரைமணி நேரம் அசையாமல் இருந்தேன். "நம்ம பொண்ணு கையைப் பாத்தியா!" என்றுகூட அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முடிந்ததும் கன்னடத்தில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். உன் அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது.

ரேடியோவில் நீ வந்தது மாலை ஐந்தரைக்கு. அடுப்பை அணைத்துவிட்டு உன் அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த முறை நேரத்தையும் சொல்லி அனுப்பு. ஊரார் பெண்களுக்காகவெல்லாம் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க முடியாது.

அப்பா