தென்கரைக்கு ஆதாரம்

அண்ணே,

காலையிலிருந்து விடாமல் தூறுகிறது. அச்சகத்திலிருந்து கொண்டுவந்த மெய்ப்புக் கட்டு ஒன்று மேசைமேல் கிடக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதைப் படித்த பிறகுதான் அலமாரியின் கீழ்த்தட்டைத் துழாவி, நீங்கள் மண் அடைத்துத் தந்த அந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் உங்கள் ஊர்க் கண்மாயின் வாடை அப்படியே வந்தது. இறுக மூடிவிட்டுக் கையைக் கழுவினேன். இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

நாம் பழகியது ஒரே பக்கம் நின்றுதான். உங்களுக்கு டி. கல்லுப்பட்டி போகும் வழியில் மோட்டார் காயில் கட்டும் கடை. எனக்கு மதுரையில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. இரண்டு பேரும் ஓய்வு நேரத்தில், சும்மா ஆசைக்கு, இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதிக்கொண்டிருந்தோம். கீழக்குயில்குடி மலையிலிருந்து மதுரைக்குச் சுரங்கம் போகிறது, நானே நுழைந்து பார்த்தேன் என்று ஒருவர் எழுதினார். நான் அழித்தேன், அவர் திரும்பப் போட்டார். அப்போது எனக்காக வந்தவர் நீங்கள். "பார்த்தேன்னு யாரு வேணாலும் சொல்லலாம். எந்தப் புத்தகத்துல இருக்கு, எத்தனையாவது பக்கம்?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பின்னால் அதையே உங்கள்மேல் வீசுவேன் என்று அன்றைக்குத் தெரியாது.

பிறகு சச்சரவு தீர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு வரியை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தால், பக்கத்தைப் பூட்டிவிட்டு, யாருடைய ஆதாரம் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டும். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். "வீட்ல சௌராஷ்டிரம் பேசுற பிள்ளைக்குத் தமிழ்ல தீர்ப்புச் சொல்ல எம்புட்டு ஆசை" என்று கேலி செய்வீர்கள்.

அந்த வருடம் ஆடியில் உங்கள் ஊர்க் கண்மாய் பற்றிய கட்டுரையில் ஒரு வரி சேர்த்தீர்கள். "தென்கரையின் பழைய உடைப்பு, பிடிப்பில்லாத சவுட்டு மண்ணால் மூடப்பட்டுள்ளது." ஆதாரம் எதுவும் இல்லை. துபாயில் வேலை பார்த்த ஒரு பயனர், மரியாதையான மனிதர், அதை எடுத்தார். கண்மாய்களைப் பராமரிக்கும் அரசுத் துறை அச்சிட்ட கையேட்டில் 'கரை முழுமையாகப் பலப்படுத்தப்பட்டது' என்று இருப்பதைப் பக்க எண்ணோடு காட்டினார். நீங்கள் திரும்பப் போட்டீர்கள். நான்கு நாள் இப்படியே போனது. நான் பக்கத்தைப் பூட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கு வந்தீர்கள். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை, உள்ளே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்து வெள்ளத்தைப் பற்றிப் பேசுவதே எனக்குச் சிரிப்பாக இருந்தது. நீங்கள் மஞ்சள் பையிலிருந்து இந்தப் பாட்டிலை எடுத்து, என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, இறுக்கிப் பிடிக்கச் சொன்னீர்கள். மண் விரலிடுக்கில் ஒழுகிவிட்டது.

"நிக்கலைல்ல? கரை மண்ணுன்னா கொழுக்கட்டையாட்டம் கையில நிக்கணும்மா."

"மண்ணை எப்படிண்ணே அடிக்குறிப்புல போடுறது?"

நீங்கள் சிரிக்கவில்லை. துறை ஆபீசில் கையேட்டைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றீர்கள். பத்திரிகை நிருபரோ, எழுத்தில் ஏதாவது இருந்தால்தான் செய்தி போட முடியும் என்றாராம். "நீ அந்த வரியை விட்டுவச்சா, அதைக் காட்டி அவரைப் போட வச்சிருவேன். பேப்பர்ல வந்தாத்தான் ஆபீசுல அசைவாங்க. எங்க தெரு பூராம் கரைக்குக் கீழதான் இருக்கு தங்கச்சி."

"பேப்பர்ல வந்தா நான் வரியைப் போடுவேன். வரி இருந்தா அவரு பேப்பர்ல போடுவாரு. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணு. இதை விடக்கூடாதுன்னு நீங்களே பேசியிருக்கீங்கண்ணே."

"அச்சுல வர்ற தப்பைத் திருத்துறதுதான் உன் பொழப்பு. நீயே அச்சை இம்புட்டு நம்புறியே."

ஆனால் விதி என் பக்கம் இருந்தது. இன்றைக்கும் என் பக்கம்தான் இருக்கிறது, அதுதான் எரிகிறது. சாயங்காலம் தீர்ப்பு எழுதினேன்: 'அச்சில் வந்த ஆதாரம் உள்ளதே நிற்கும். நேரில் கண்டதும் கேட்டதும் ஆதாரமாகாது.' உங்கள் வரியை எடுத்தேன். நீங்கள் சண்டைக்கு வரவில்லை. "சரி. அச்சுல வரும்" என்று மட்டும் எழுதினீர்கள். கோபத்தில் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை ஆறு நாளாக நிற்காமல் பெய்தபோது, ஒரு முற்பகலில் அச்சகத்துக்குப் போன் செய்தீர்கள்.

"தண்ணி கரை மட்டத்துக்கு ரெண்டு முழம் கீழ நிக்குது. தென்கரையில கசியுது. தெரு ஆளுகளை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திவிட்டுட்டேன்."

நீங்களும் அங்கேயே இருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போட்டோ எடுத்தீர்களா என்று கேட்டேன். "ஆதாரமா ஏத்துக்க மாட்டாங்கண்ணே. ஆனா கட்டுரையில படமாப் போட விதி இருக்கு. கசிவு தெரியுற மாதிரி கிட்டக்கப் போய் எடுங்க."

"இது போதும்மா. இந்தா போறேன்" என்றீர்கள். குரலில் அவ்வளவு சந்தோஷம். உங்களுக்கு நான் விட்டுக்கொடுத்த ஒரே இடம் அது.

மதியத்துக்குள் கரை போய்விட்டது. தெருவும் போனது. ஆட்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்தார்கள், நீங்கள் ஒருவரைத் தவிர.

மறுநாள் அச்சில் வந்தது. 'பிடிப்பில்லாத சவுட்டு மண்ணால் மூடப்பட்ட தென்கரை' என்று உங்கள் வார்த்தைகளையே அந்த நிருபர் போட்டிருந்தார். கடைசிப் பத்தியில் உங்கள் பெயரும் வயதும். வேடிக்கை பார்க்கச் சென்றவர் என்று எழுதியிருந்தது.

அன்றைக்கே கட்டுரையைத் திறந்தேன். உங்கள் வரி திரும்பி வந்திருந்தது. துபாய்க்காரர்தான் போட்டிருந்தார். 'நம்பகமான ஆதாரம் கிடைத்துவிட்டதால் மீட்கப்படுகிறது' என்று குறிப்பு. அதற்கு அடுத்த வரியும் அவர் சேர்த்தது: 'உடைப்பை வேடிக்கை பார்க்கச் சென்ற ஒருவர் இறந்தார்.' அது நீங்கள் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு நீங்கள் ஒரு பயனர் பெயர்தான்.

அந்த வரியை அழித்தேன். 'இறந்தவர் தெருவையே காப்பாற்றிவிட்டு, நான் கேட்ட படத்துக்காகப் போனார், போனில் நானே கேட்டேன்' என்று எழுதினேன். துபாய்க்காரர் பணிவாகத் திரும்பப் போட்டார். கீழே என் தீர்ப்பை ஒரு சொல் மாறாமல் ஒட்டியிருந்தார். நிருபரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுத்துல எதாச்சும் இருந்தா கொண்டாங்க மேடம், திருத்தம் போட்டுரலாம்" என்றார்.

பொறுப்பை அன்றே விட்டுவிட்டேன். வேடிக்கை பார்க்கச் சென்றவராகவே நீங்கள் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஆதாரம் உள்ள வரி என்பதால் யாரும் தொடுவதில்லை.

இப்போது மேசைமேல் கிடக்கும் கட்டுக்கு வருகிறேன். துறையின் கையேடு, புதிய பதிப்பு. மெய்ப்புப் பார்க்க எனக்குத்தான் வந்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்தில் அதே வரி இருக்கிறது: 'கரை முழுமையாகப் பலப்படுத்தப்பட்டது.' மூன்று முறை படித்தேன். பிழை எதுவும் இல்லை. பக்கவாட்டில் சிவப்பு மையில் 'ஆதாரம்?' என்று எழுதியிருக்கிறேன். அச்சகத்தில் அதை நீக்கிவிடுவார்கள், தெரியும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் உங்கள் ஊருக்கு வருகிறேன் அண்ணே. தென்கரையில் ஒரு பிடி அள்ளி, நீங்கள் காட்டித்தந்த மாதிரி இறுக்கிப் பார்க்கப் போகிறேன். உடைப்பை அடைத்து, தெருவில் மறுபடி வீடு கட்டிவிட்டார்களாம். மண் கையில் நின்றால் நல்லது. ஒழுகினால் யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.