நான் எறிந்த கல்

அன்புள்ள டெய்லருக்கு,

உன் கடைக் கண்ணாடியை உடைத்தது நான்தான்.

அன்று கலவரக் கூட்டம் நம் தெருவுக்குள் வந்ததும், பயத்தில் என் சலூன் ஷட்டரை இறக்கப் போனேன். "நீ எங்க ஆளா, அவங்க ஆளா?" என்று ஒருவன் கேட்டான். "உங்க ஆளுதாங்க" என்றேன். உன் கடையைக் காட்டி, கையில் கல்லைத் திணித்தார்கள். உன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் கண்ணாடி நொறுங்கியதும் பயமெல்லாம் போய், சந்தோஷமாக இருந்ததடா.

இப்போது ஷேவிங்குக்கு வருபவர் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினால் கத்தியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

நீ உள்ளே இருந்தது தெரியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. தையல் மெஷினுக்குப் பின்னால் நீ குனிந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எறிந்தேன்.

இப்படிக்கு,
பக்கத்துக் கடைக்காரன்