பெரிய பாய் கிழிந்த பிறகு

பிப்ரவரி 9

பாய்மரப் படகுப் பந்தயத்தின் இருபத்திரண்டாம் நாள். மூன்றாம் இடத்தில் இருக்கிறோம். ஒரு வாரமாகக் காலுறை காயவே இல்லை. படகில் நாலே பேர்: கேப்டனாக அண்ணன், பாய்களைப் பார்த்துக்கொள்ள நான், ஒரு மெக்கானிக், படகின் சொந்தக்காரரான பல் டாக்டர். இருபதடி இடத்துக்குள் நாலு பேரின் ஈர நாற்றம்.

பிப்ரவரி 10

கிழிந்தேவிட்டது. காலையில் அண்ணனிடம் இரண்டு முறை சொன்னேன், காற்று ஏறுகிறது, பாயைச் சுருக்கு என்று. "நீ தையலைப் பாரு, காத்தை நான் பாத்துக்கறேன்" என்றான். பத்து மணிக்குப் பெரிய பாய் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. டாக்டர் அதுவரை கீழே தூங்கிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 12

இரண்டு நாளாகத் தைக்கிறேன். மெக்கானிக் துணியை இழுத்துப் பிடிக்கிறார். விரல் நுனியெல்லாம் ஊசித் துளை.

மதியம் வானிலை பார்க்கக் கணினியைத் திறந்தேன். பந்தய அலுவலகத்துக்கு அண்ணன் அனுப்பிய செய்தி கண்ணில் பட்டது. 'பழைய தையல் விட்டதால் பாய் கிழிந்தது.'

எந்தத் தையல்? யார் தையல் விட்டுச்சு? என் தையல் ஒண்ணுகூட விடல! அதற்கு ஒரு சாண் தள்ளித் துணிதான் கிழிந்திருக்கிறது. அலுவலகம் இதை அப்படியே இணையத்தில் போடும், ஊரே படிக்கும். அம்மா படிப்பாள். பதினாறு வருஷமா ஊசி பிடிச்ச கை இது — ஒரே வரியில முடிச்சுட்டான்.

பிப்ரவரி 13

கேட்டுவிட்டேன். மறுக்கக்கூட இல்லை.

"என் மேல தப்புன்னு தெரிஞ்சா டாக்டர் அடுத்த தடவை படகைத் தருவாரா? நீ என் தங்கச்சிதானே, கொஞ்சம் பொறுத்துக்க மாட்டியா?"

"தங்கச்சின்னா உன் அழுக்கைத் துடைக்கிற துணியா? திருத்தி எழுது."

"கரைக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

அறைந்து சாத்தலாம் என்றால் இந்தப் படகில் ஒரு கதவுகூட இல்லை.

பிப்ரவரி 14

அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நாள் முழுக்கத் தைத்தேன்.

பிப்ரவரி 15

பாயை ஏற்றினோம். அதற்குள் ஏழாம் இடம். விட்டதைப் பிடிக்க அண்ணனுக்கு வெறி. மதியம் மேற்கே வானம் கறுத்தது. சுக்கானை விடாமல் "இன்னும் கொஞ்ச நேரம்" என்றான்.

அவனிடம் கேட்க எனக்கு என்ன இருக்கிறது? நேராகப் பாய்மரத்தடிக்குப் போனேன். "இறக்கணும். கயிறை விடுங்க" என்று கத்தினேன். டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கயிற்றை விட்டார்.

"இங்க யாரு கேப்டன்?" என்று அண்ணன் அலறினான்.

"அதை அப்புறம் பேசிக்கலாம் கேப்டன், இப்போ தலையைக் குனிங்க" என்றார் மெக்கானிக்.

பாதிப் பாயைச் சுருட்டிக் கட்டுவதற்குள் காற்று அடித்தது. படகு பக்கவாட்டில் படுத்து, நடுங்கி, எழுந்தது. முழுப் பாய் இருந்திருந்தால் பாய்மரமே முறிந்திருக்கும். நாலு பேருக்கும் தெரியும். சொன்னேனா இல்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. மிச்சக் கயிற்றைக் கட்டப் போனேன்.

பிப்ரவரி 16

நான் சாப்பிடும்போது எதிரில் வந்து உட்கார்ந்தான். கணினியைத் திறந்து தட்டச்சு செய்தான். திரையைத் திருப்பிக் காட்டினான். 'தையலில் தவறில்லை. பாயைச் சுருக்கச் சொல்லியும் கேட்காதது கேப்டனின் தவறு.'

"யார் சொன்னதுன்னு போடு."

'என் தங்கை இரண்டு முறை சொன்னாள்' என்று சேர்த்தான். டாக்டரைக் கூப்பிட்டு அவனே படித்துக் காட்டிவிட்டு, செய்தியை அலுவலகத்துக்கு அனுப்பினான்.

இதோடு கோபம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை. செய்த பிறகு திருத்துவது அவ்வளவு பெரிய காரியமா?

மார்ச் 3

கரை. ஐந்தாம் இடம். காலுக்குக் கீழே தரை ஆடுகிறது.

ஏப்ரல் 2

அடுத்த பந்தயத்துக்கான படிவத்தை டாக்டர் அனுப்பியிருந்தார். கேப்டன் என்ற கட்டத்தில் என் பெயர். மூன்று தடவை படித்தேன்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். விஷயம் தெரிந்திருக்கிறது.

"பாய் வேலைக்கு ஆள் வேணுமா?"

"தைக்கத் தெரியுமா?"

"கத்துக்கறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ரெண்டு நாள் காத்திருக்கட்டும்.