மகளுக்கு வாங்கிய ராக்கெட்

டல்லாஸ்
12.9.1994

அன்புள்ள சைதுன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்குக் குறையில்லை. உன் முட்டுவலி தேவலையா?

கல்லூரிப் போட்டிக்கு நஜ்மா கேட்ட, அவளே பூட்டிக்கொள்ளும் பெரிய ராக்கெட் கிட்டை வாங்கிவிட்டேன். அதை மேலே தள்ளும் மருந்து அடைத்த மோட்டாரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அதற்குக் கல்லூரியே அனுமதி வாங்குகிறதாம்.

கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று பளபளக்கும் ஃபைபர், இன்னொன்று கெட்டி அட்டைக் குழாய். கடைக்காரர் ஃபைபரைத்தான் புகழ்ந்தார். நான் இரண்டின் பாராசூட்டையும் விரித்து, நம் கம்பெனிப் பனியனின் தோள்பட்டையை இழுத்துப் பார்ப்பதுபோலத் தையலை இழுத்தேன். ஃபைபருடையது பிரிந்துகொண்டு வந்தது. கடைக்காரர் முறைத்தாரே தவிர அடிக்கவில்லை, பயப்படாதே. பாராசூட் கிழிந்தால் ராக்கெட் தூள்தூளாகிவிடும் என்று அவரே ஒப்புக்கொண்டு, அட்டையைக் கட்டிக் கொடுத்தார்.

"மகனுக்கா?" என்றார்.

"மகளுக்கு. அவளே செய்து அவளே விடுவாள்" என்றேன். ஆர்டர் பிடித்த அன்றுகூட நான் இப்படி நெஞ்சை நிமிர்த்தியதில்லை.

"பொட்டப்புள்ளைக்கு ராக்கெட் எதுக்குங்க, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கேட்டா என்னங்க சொல்றது?" என்று போனில் கேட்டாய். மேலே விட்டதைப் பத்திரமாக இறக்கவும் தெரிந்த பெண் என்று சொல்.

இந்த மாதக் கடைசியில் நம் ஊர்க் குமாரவேல் இங்கே வருகிறார். அவரிடம் நம் ஊட்டு மல்லிப்பொடி கொடுத்தனுப்பு. கூடவே கடிதமும் வை, நாலு வரியில் முடித்துவிடாதே. இங்கே யாருடனும் நேரில் தமிழ் பேசிப் பத்து நாளாகிறது.

கார் வந்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் பாரூக்கிடம் சொல்லி நஜ்மாவுக்கு ஒரு மேஜையைக் காலி செய்து வை. ஆர்டர் நெருக்கடி என்பார். முதலாளியம்மா சொல்கிறேன் என்று நீயே சொல்.

உன்
ராஜா முகமது