தொண்ணூற்று நான்கு சொற்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அக்கா சொன்னவை ஐந்து. சாவி (தண்ணீர்). புதன்கிழமை (மின்விசிறி). அப்பா (தலையணையை உயர்த்து). வேண்டாம் (வேண்டாம்). ஐந்தாவது என் காதில் சரியாக விழவில்லை. மறுபடி கேட்டதற்கு முறைத்தாள். அதைக் கணக்கில் சேர்ப்பதா? சேர்க்கவில்லை. ஆக நான்கு.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம். கை ஓரளவு திரும்பிவிட்டது. சொற்கள் திரும்பவில்லை. திரும்பியவையும் ஒன்றின் சட்டையை இன்னொன்று மாட்டிக்கொண்டு வருகின்றன.

மார்ச் 5, வியாழன்

அக்கா மகன் வந்திருந்தான், பேச்சுப் பயிற்சி தரும் அம்மாளையும் கூட்டிக்கொண்டு. ஏப்ரல் 16 அன்று மதிப்பீடு. “அவங்க சொல்ற ஒவ்வொரு வார்த்தையையும் எழுதி வைங்க சார். புதுசு புதுசா வந்தா வீட்லயே வச்சுப் பயிற்சி குடுக்கலாம். இல்லேன்னா முதியோர் இல்லத்துல சேர்க்கறதுதான் அவங்களுக்கு நல்லது” என்றார்.

இல்லம் என்றால் இரண்டு பேருந்து மாறிப் போகிற இடம். வியாழன்தோறும் மூன்று முதல் ஐந்து மணி வரை பார்க்கலாமாம்.

அவன் தன் பழைய மடிக்கணினியைக் கொடுத்தான். “லிஸ்ட்டை இதுல போடுங்க மாமா. உங்க கிறுக்கல் ஒருத்தருக்கும் புரியாது.”

முப்பத்தாறு வருடம் வானிலை நிலையப் பதிவேட்டில் மழையளவு எழுதிய கை இது. புரியவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. இதை அவனிடம் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 9, திங்கள்

கணினியில் பட்டியல் போடும் மென்பொருள் சந்தா முடிந்துவிட்டது என்று திறக்க மறுக்கிறது. அவனைக் கேட்கக் கூச்சம். ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் நிரல் எழுதும் வகுப்புக்குப் போனேனே, அந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டினேன்.

ஸ்ட்ரக்ட் என்பது ஒரு பெட்டி. என் பெட்டிக்கு மூன்று அறை: சொல், பொருள், நாள். பெட்டிகளை வரிசையாக வைக்கும் அலமாரிக்குப் பெயர் அரே. பெட்டியைச் செய்தவுடன் முதலில் துடைக்க வேண்டுமாம். துடைக்காவிட்டால் முன்பு அங்கே இருந்த குப்பை அப்படியே கிடக்கும். துடைத்தேன். மூன்று அறையும் காலி. அந்த ஒரு வரியை எழுதியதில் ஏனோ ஒரு நிம்மதி.

ஒவ்வொரு சொல்லுக்கும் புதுப் பெட்டியா? வீண்செலவாகத் தோன்றியது. முதலிலேயே ஒரு பெட்டி செய்துகொண்டு, சொல்லை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, அலமாரியில் அந்தப் பெட்டியின் விலாசத்தை எழுதினால் போதும் என்று முடிவு செய்தேன். ஓடுகிறது.

அக்கா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “என்னக்கா, தண்ணியா?” என்றேன். “போடா” என்று சிரித்தாள்.

அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. நான் நடக்கத் தொடங்கியதிலிருந்து போடாதான். ஒருமுறை பள்ளி வாசலில் வாத்தியாரிடமே “எங்க போடாவைப் பாத்தீங்களா?” என்று கேட்டாள். அவர் அடிக்க வந்துவிட்டார்.

மார்ச் 14, சனி

முறை வகுத்துவிட்டேன். பகலில் சீட்டில் குறிப்பது. மாலை ஆறுக்கு நிரலை ஓட்டுவது. அது பழைய கோப்பைப் படிக்கும். புதுச் சொற்களைச் சேர்க்கும். எல்லாவற்றையும் திரும்ப எழுதி வைக்கும். பிறகு திரையில் காட்டும்: கடைசியாகச் சேர்த்தது – துணி. மொத்தம் – 19. அதுவரை சேர்ந்த சீட்டுகளிலும் பத்தொன்பது. சரிபார்த்துச் சீட்டைக் கிழித்துவிடுகிறேன். ஒன்றுக்கு இரண்டு பதிவு இருந்தால் எது உண்மை என்று சண்டை வரும். நிலையத்தில் எங்கள் கண்காணிப்பாளர் வைத்த விதி அது.

மார்ச் 30, திங்கள்

மொத்தம் 58. இன்று முழு வாக்கியமே வந்தது. “மழை வரலை இன்னும்.”

வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவன் வந்து மூன்று வாரமாகிறது. பொருள் என்ற அறையில் ‘மகன்’ என்று எழுதினேன்.

ஏப்ரல் 11, சனி

அக்கா குளியலறையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அடி இல்லை. என்னால் தூக்க முடியவில்லை. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வரும்வரை நாற்பது நிமிடம் நானும் ஈரத்தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய.

அக்கா மகனிடம் சொன்னேன். சொல்லாமல் இருப்பது சரியல்ல.

ஏப்ரல் 13, திங்கள்

மொத்தம் 94. கடைசியாகச் சேர்த்தது – போடா. பொருள் – தம்பி. இத்தனை நாள் அதைச் சேர்க்கலாமா என்ற தயக்கம். அதுவும் சொல்தானே.

சொற்களை மட்டும் வரிசை எண்ணோடு ஒரே பட்டியலாகக் கேட்டிருக்கிறார் பேச்சுப் பயிற்சி அம்மாள். அப்படியே ஒரு கோப்பு எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டேன். அலுவலகத்தில் அச்செடுத்து வருகிறானாம். அனுப்புமுன் திறந்து பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு. எண்ணிக்கை சரியாக இருக்கும்போது கணினியைச் சந்தேகிக்க நான் யார் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 16, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுத வேண்டும்.

அவன் தாளை நீட்டினான். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். முதல் தாளைத் திருப்பினார். இரண்டாவதையும் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

1. போடா. 2. போடா. 3. போடா. தொண்ணூற்று நான்கு வரை போடா.

“சில பேருக்கு இப்படி ஆகும் சார். ஒரே வார்த்தையில மாட்டிக்குவாங்க. எதைக் கேட்டாலும் அதுதான் வரும்.”

“இல்லம்மா, இது... நிரல்ல ஏதோ... அவ நெறைய சொன்னா. சாவின்னு சொன்னா...”

“சாவியா?”

“சாவின்னா தண்ணி.”

இதைச் சொல்லும்போதே அது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாள் தலையசைத்தார், குழந்தைக்குத் தலையசைப்பது போல. “கம்ப்யூட்டர் தானா வார்த்தையை மாத்தாது மாமா” என்றான் அவன்.

அந்த அம்மாள் அக்காவிடம் குனிந்தார். “அம்மா, இதோ உங்க பக்கத்துல உக்காந்திருக்காரே, இவர் பேர் என்ன?”

அக்கா என்னைப் பார்த்தாள். எவ்வளவு தெளிவாகப் பார்த்தாள்.

“போடா.”

அந்த அம்மாள் எதையோ எழுதிக்கொண்டார். சரியான விடை அது. அந்த அறையில் இரண்டு பேருக்காவது அது தெரியும். மூன்றாவதாக அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டுமே. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்? ஏன் திறக்கவில்லை?

ஏப்ரல் 17, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

அலமாரியில் தொண்ணூற்று நான்கு பெட்டி இல்லை. ஒரே பெட்டியின் விலாசம் தொண்ணூற்று நான்கு தடவை. அதில் கடைசியாக எதைப் போட்டேனோ அதுதான் எல்லா இடத்திலும். கோப்பைப் படிக்கும்போதும் அதே பெட்டி. திரும்ப எழுதும்போதும் அதே. தினமும் மாலை ஆறு மணிக்கு நானே உட்கார்ந்து முந்தைய நாள் வரை அவள் பேசியதையெல்லாம் அழித்திருக்கிறேன். எண்ணிக்கை மட்டும் அன்றாடம் சரியாக இருந்தது.

பெட்டி செய்யும் வரி, சொல்லுக்குச் சொல் திரும்ப ஓடும் சுழற்சிக்கு உள்ளே இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புதுப் பெட்டி. வீண்செலவு என்று நினைத்தேனே, அது. அந்த வரியை எடுத்து இரண்டு வரி கீழே வைத்தேன். இப்போது ஒழுங்காக ஓடுகிறது. என்ன பிரயோசனம்?

சீட்டு இருந்தால் போதும். சீட்டைத்தான் கிழிச்சாச்சே. எண்ணினியே, எண்ணி எண்ணி என்னத்தடா கிழிச்ச – அதைத்தான் கிழிச்ச.

ஏப்ரல் 20, திங்கள்

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவனுக்குப் போன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதி வைத்துப் படித்தேன். பெட்டி, அலமாரி, விலாசம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

“அது உங்க பேருன்னு எனக்குத் தெரியும் மாமா” என்றான்.

தாளை மடித்து வைத்தேன்.

“லிஸ்ட் சரியா இருந்திருந்தாலும் இதேதான் செஞ்சிருப்பேன். நாப்பது நிமிஷம் அம்மா தரையில உக்காந்திருந்தாங்க. அடுத்த தடவை எலக்ட்ரீஷியன் வீட்ல இல்லேன்னா? உங்களுக்கும் எழுபத்தி நாலு ஆகுது.”

என்னைத் தேற்றச் சொன்னானா, உண்மையாகவே சொன்னானா? உண்மையென்றால் என் தவறு ஒரு தவறே இல்லை. அந்தச் சொற்களுக்கும் ஒரு வேலை இல்லை. எதை நம்பினால் தேவலை என்று தெரியவில்லை.

மே 2, சனி

அழைத்துப் போய்விட்டார்கள். மின்விசிறியை நிறுத்த மறந்துவிட்டேன்; மாலை வரை அவள் அறையில் ஓடிக்கொண்டிருந்தது.

மே 7, வியாழன்

இல்லம் சுத்தமாக இருக்கிறது. ஏழாம் எண் கட்டில். அக்கா “சாவி” என்றாள். “எந்தச் சாவிம்மா? இங்க பூட்டே கெடையாதே” என்று பணிப்பெண் தலையணைக்கு அடியில் தேடினாள். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். “அவங்க ஒரே ஒரு வார்த்தைதான் பேசுவாங்கன்னு ஃபைல்ல போட்டிருக்கே சார்” என்றாள், ஏதோ நான் ஏமாற்றிவிட்டதைப் போல.

நினைவில் இருந்தவற்றை ஓர் அட்டையில் எழுதித் தலைமாட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். தொண்ணூற்று நான்கில் இருபத்து மூன்று தேறியது; போடாவை எழுத மனம் வரவில்லை.

மே 14, வியாழன்

சுவரில் அட்டை இல்லை. புது வெள்ளை அடித்திருக்கிறார்கள். கேட்கவில்லை.

மே 21, வியாழன்

காய்ச்சல். போகவில்லை.

மே 28, வியாழன்

பேருந்து தாமதம்; மூன்றரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். நடைபாதையில் வரும்போதே அந்தப் பணிப்பெண்ணின் குரல், புதிதாகச் சேர்ந்த ஒருத்தியிடம்: “ஏழாம் நம்பர் அம்மா சாவி கேட்டா தண்ணி குடு. புதன்கிழமைன்னா ஃபேன் போடணும். சாவியைத் தேடிட்டு நிக்காதே, நான் ஒரு வாரம் தேடினேன்.”

உள்ளே அக்காவின் துணி அலமாரிக் கதவு திறந்திருந்தது. கதவின் உட்புறத்தில் என் அட்டை. ஒரு மூலையில் சுண்ணாம்பு பட்டிருந்தது. என் இருபத்து மூன்றுக்குக் கீழே, பால்பாயிண்ட் பேனாவில், வேறொருவர் கையெழுத்து:

24. சேலை – முதுகு வலி
25. கண்ணாடி – பசி
26. போடா –

அந்த இடம் காலியாக இருந்தது.

“அது மட்டும் புரியல சார்” என்றாள் பணிப்பெண். “எங்களை யாரையும் சொல்றதில்ல. வியாழக்கிழமை மூணு மணியானா கதவைப் பாத்துச் சொல்வாங்க. திட்டுறாங்களோ?”

பேனாவைக் கேட்டு வாங்கித் தம்பி என்று எழுதினேன்.

மொத்தம் 26. எண்ணினேன். பிறகு ஒவ்வொன்றையும் படித்தும் பார்த்தேன்.