குவைத்துப் பெட்டிகளும் உன் அறையும்

தேற்றாத்தீவு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் றொசானிக்கு,

ஆண்டவருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம். இதற்கு அடுத்த வரியில் உன் சுகம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. எனக்கு இந்த முறை ஆவல் இல்லை மகள், பயம்தான் இருக்கிறது. அது என்ன பயம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன், நடுவில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் வாசி. போனில் சொல்லலாம்தானே என்பாய். போனில் நான் ஒரு சொல் எடுத்தால் நீ பத்துச் சொல் சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய், பக்கத்தில் அப்பாவும் என்னவாம் என்னவாம் என்று நிற்பார். நம்ம ஊர்ச் சுலோஜனாவின் மகன் தனோஜன் லீவு முடிந்து சுவிஸுக்குத் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டதும் அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கஜுப் பருப்பும் மிளகாய்த்தூளும் இரண்டு பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன், உடைந்து கொட்டாமல் வந்து சேர வேண்டும். அவனை உன் வீடு வரைக்கும் வரச் சொல்லவில்லை, நீயே ஸ்டேசனுக்கு வந்து வாங்கிக்கொள்வாய் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. இருந்தால் இருக்கட்டும், ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குப் போகப்போக விளங்கும்.

விசயம் ஒரு சோடி ஸ்பீக்கர் பெட்டியில் தொடங்கியது. அப்பா காத்தான்குடிக்கு மின்விசிறி திருத்தப் போனார், போனவர் விசிறியை மறந்துவிட்டுப் பெட்டிக் கதையோடு திரும்பி வந்தார். ரிஸ்கான் என்ற பொடியன் பழைய ரேடியோ, ரீவி எல்லாம் திருத்தி விற்கிற கடை வைத்திருக்கிறான். அவனுடைய வாப்பா அந்தக் காலத்தில் குவைத்தில் வேலை செய்து, வரும்போது கப்பலில் போட்டுக் கொண்டுவந்த பெட்டிகளாம். நல்ல மரம், என் இடுப்புக்கு மேலே நிற்கும் உயரம், முன்னுக்குக் கபிலநிறத் துணி. உள்ளே கூம்பைச் சுற்றியிருந்த ஸ்பொஞ்ச் உப்புக்காற்றுக்குப் பொடிந்துபோய், இப்போது புதிதாக றப்பர் போட்டிருக்கிறான். தங்கச்சிக்கு வீடு கட்டுறம், சாமானெல்லாம் ஒரு அறைக்குள்ள கிடக்கு, வாப்பாட பெட்டிய விக்க மனசு வருகுதில்ல, ஆனா நனைய விடவும் ஏலாது என்று அவன் சொன்னானாம். அப்பா அதிலேயே விழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டும் பெட்டி, பெட்டி, பெட்டிதான்.

இந்த வயதில் இவருக்கு ஏன் இந்தக் கூத்து என்று நான் முதலில் ஏசினேன். அவருக்கு என்ன குறை என்று உனக்கும் தெரியும். காது போய்க்கொண்டே இருக்கிறது, வாங்கிக் கொடுத்த காது மெஷின் கீச்சென்று கத்துகிறது என்று அலுமாரிக்குள் போட்டுவிட்டார். நீ வொய்ஸ் அனுப்பினால் போனைக் காதோடு வைத்து அமத்திக்கொண்டு ஓம் ஓம் என்று தலையாட்டுவார், ஆனால் பாதியும் விளங்குவதில்லை. போன மாரியில் நீ காய்ச்சல் என்று சொல்ல, நல்லது மனே, நல்லது என்று சிரித்தாரே, அன்றைக்கு நீயும் சிரித்தாய், நான் குசினிக்குள் போய் அழுதேன். இப்போது உன் போனில் கமெராவும் பழுது என்று முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும்தான் அனுப்புகிறாய், அதுவும் விளங்காவிட்டால் மனிசன் என்ன செய்வார். பெரிய பெட்டியில் போட்டால் கேட்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. செசி, நீயும் வாகா, உன்ட காதாலயும் ஒருக்காக் கேட்டுச் சொல்லு, மறுகா வாங்குவம் என்று நச்சரித்து என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்.

ரிஸ்கான் நல்ல மரியாதையான பிள்ளை, அவனுடைய பெண்சாதி சப்னா தேத்தண்ணியும் மஸ்கெட் அல்வாவும் தந்தாள். இரண்டு பெட்டியையும் எட்ட எட்ட வைத்து எங்களை நடுவில் இருத்தி முதலில் ஏதோ பாட்டுப் போட்டான். நாதஸ்வரக்காரன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பிறகு அப்பா என் போனைப் பறித்து அவனிடம் கொடுத்து, எங்கட மகள்ட குரலப் போடுங்க தம்பி என்றார். அவன் ஒரு வயரைக் கொளுவி, நீ நத்தார்ப் பண்டிகைக்கு அனுப்பின வொய்ஸைப் போட்டான். அப்பா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். இஞ்ச பாருகா, புள்ள பக்கத்தில நிண்டு கதைக்கிறாள் என்று என் தோளைப் பிடித்து உலுப்பினார். உன் குரலுக்குப் பின்னால் களுதாவளை மாமா கலியாணத்துக்குத் தந்த மணிக்கூட்டின் டிக் டிக்கும் கேட்டது, மருமகன் ஜசிந்தன் பார்க்கிற கிரிக்கெட்டும் கேட்டது. இன்னும் ஒண்டு போடுங்க என்று அப்பா சொல்ல, அவன் நீ போன கிழமை அனுப்பினதைப் போட்டான்.

அதில் நீ சொன்னது எனக்கு மனப்பாடம். நாங்க ரெண்டு பேரும் இப்பதான் சாப்பிட்டம் அம்மா, அவர் பக்கத்தில இருந்து ரீவி பாக்கிறார், நான் நல்லா இருக்கன். போனில் கேட்டபோது நானும் நம்பிவிட்டேன். பெட்டியில் ரீவி இல்லை மகள். மணிக்கூடும் இல்லை. உன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. நம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சாமானை எல்லாம் வெளியே எடுத்த நாளில் அப்பா இருமினால் எப்படிக் கேட்டது, அப்படி. கட்டில் இல்லாத, திரைச்சீலை இல்லாத, ஒன்றுமே இல்லாத ஒரு அறையில் நின்றுகொண்டு கதைக்கிறாய். கிட்டத்தில் தண்டவாளம் அதிர ஒரு கோச்சி போகிறது, உன் வீட்டுக்குப் பக்கத்தில் கோச்சிப்பாதை இல்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். எல்லாவற்றையும்விட அந்தக் கடைசி. வைக்கிறன் அம்மா என்று சொன்ன பிறகு, போனிலிருந்து கையை எடுக்க முன்னம் ஒரு மூச்சு விட்டாய். அந்த மூச்சை எனக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரிடம் கேட்ட மூச்சு அது. அழுகையை முழுங்கிக்கொண்டு கதைத்து முடித்தவர்கள்தான் அப்படி விடுவார்கள். என் கையிலிருந்த தேத்தண்ணி சீலையில் ஊற்றுண்டு போனது, சப்னாதான் துடைத்துவிட்டாள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, அவர் உன் சொல் விளங்கின சந்தோசத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

நான் உன்னை ஒட்டுக்கேட்க நினைத்தவள் இல்லை. எக்ஸ்சேஞ்ச் கந்தோரில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. ட்ரங் கோல் வந்தால் லைனைக் கொடுத்து, இரண்டு பக்கமும் குரல் வருகிறதா என்று மட்டும் பார்த்து, கதையுங்க என்று சொல்லிவிட்டு உடனே சுவிச்சைத் தட்டி நாங்கள் விலகிவிட வேண்டும். அதற்குப் பிறகு அழுதாலும் சிரித்தாலும் அது அவர்களுடைய சொத்து. தப்பித்தவறிக் காதில் விழுந்ததையும் அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டும், அப்பாவிடம்கூட நான் ஒரு சொல் சொன்னதில்லை. ரிஸ்கானின் கடையில் எனக்குத் தட்டுவதற்கு ஒரு சுவிச் இருக்கவில்லை மகள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை, சோற்றில் உப்புப் போட்டேனா இல்லையா என்றும் தெரிவதில்லை. ஒருவேளை நீங்கள் வீடு மாறியிருக்கலாம், சாமான் இன்னும் வந்து சேராமல் இருக்கலாம். ஒருவேளை நீ உடுப்புக் கழுவுகிற அறையில் நின்று கதைத்திருக்கலாம். எல்லாம் என் விசராக இருந்தால் அம்மாவுக்கு விசர் என்று வாய்நிறையத் திட்டு, நான் சந்தோசமாக வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவர் பக்கத்தில இருக்கிறார் என்று நீ ஏன் சொல்ல வேண்டும், அதற்குத்தான் எனக்கு விடை தெரியவில்லை. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்போது இங்கே நடக்கிற கூத்தைக் கேள். அப்பா பெட்டியை வாங்கியே தீருவேன் என்று நிற்கிறார். வாங்கினால் உன் வொய்ஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போடுவார். இன்றைக்குச் சொல் மட்டும் கேட்கிறவர், நாளைக்கு மணிக்கூடு எங்கே என்று கேட்பார், அவருடைய பிரஷருக்கு அது ஆகாது. அதோடு விட்டாரா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, எங்கட றொசானிட குரலக் கேக்க எல்லாரும் வீட்ட வாங்க என்று ஊரையே அழைத்துவிட்டார். சுலோஜனாவும் வருகிறேன் என்றாள். எனக்குக் கேட்டது இன்னொருத்திக்குக் கேட்காது என்று என்ன நிச்சயம், பிறகு ஊர்வாயை மூட உலைமூடி உண்டா. அதனால் நானும் வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மரத்தைச் செல் பூச்சி அரித்திருக்கிறது என்றேன், அவர் ரோச் லைட் பிடித்துப் பார்த்து ஒரு ஓட்டையும் இல்லை என்றார். கரண்ட் பில் ஏறும் என்றேன், வாவிக் காற்றுக்கு றப்பரும் உக்கும் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உனக்குக் காது கேக்கும் செசி, அதான் என்ட வேதனை உனக்கு விளங்குதில்ல என்றார். எனக்குக் காது கேட்கிறதுதான் இப்போது என் வேதனை என்று எப்படிச் சொல்வேன்.

இடம் இல்லை என்றும் சொன்னேன், அதில்தான் வந்து மாட்டிக்கொண்டேன். பெட்டியை எட்ட எட்ட வைத்து நடுவில் இருக்க வேண்டுமாம். மண்டபத்தில் சொரூபமும் சோபாவும் போக இடமில்லை. அப்பா நாடாவை எடுத்துக்கொண்டு போய் உன் அறையை அளந்துவிட்டு வந்தார். உன் கட்டிலைக் கழற்றி மச்சில் போட்டால் பெட்டி இரண்டும் அழகாக நிற்கும், றொசானி இனி எங்க வரப்போறாள், வந்தாலும் ரெண்டு கிழமைதானே என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நீ அங்கே நல்லா இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் சொல்கிறார். அப்போதுதான் நான் ஒரேயடியாக மறித்தேன். இது அவளுடைய வீடு, கலியாணத்துக்கு நீங்களே சீதனமாக எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்த வீடு, நாங்கள்தான் இதில் இருக்கிறோம், அவளைக் கேட்காமல் ஒரு ஆணியும் கழற்ற ஏலாது என்று சொன்னேன். மனிசன் நாடாவைச் சுருட்டி வைத்தார். அப்ப கேளு, கேட்டுச் சொல்லு என்றார். அவர் சொன்னபடிதான் இந்தக் கடிதம், அவரைப் பொறுத்தவரை இது பெட்டி விசயம்தான்.

ஆகவே கேட்கிறேன். நீயும் மருமகனும் அங்கே நல்லா இருக்கிறீர்கள், உன் அறை உனக்குத் தேவையில்லை என்றால், வாங்குங்க அம்மா என்று சொல்லு. நான் கட்டிலைக் கழற்ற விடுகிறேன், மனிசன் உன் குரலைக் கேட்டு மனம் குளிரட்டும். அப்படி இல்லையென்றால், பெட்டி வேணாம் அம்மா என்று மட்டும் போனில் சொல்லு. வேறு ஒரு சொல்லும் வேண்டாம். அப்பா பக்கத்தில் நின்றாலும் பயப்படாதே. ஏன், எதற்கு, யாருடைய பிழை என்று நான் கேட்க மாட்டேன். நீயாகச் சொல்லும்வரை சுவிச்சைத் தட்டிவிட்டு இருப்பேன், அது எனக்குப் பழக்கம். அறையைக் கூட்டித் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டு வைப்பேன், அவ்வளவுதான். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதே, உன் வீட்டுக்கு நீ வருவதற்கு ஊரிடம் கேட்கத் தேவையில்லை. அப்பாவுக்குப் பெட்டி இல்லாமல் போகுதே என்றும் கவலைப்படாதே. அவருக்குப் பக்கத்தில் இருந்து, வலது காதுப் பக்கமாகக் கொஞ்சம் உரத்துக் கதைத்தால் எல்லாம் விளங்குகிறது.

கழுத்துக்குத் துணி கட்டாமல் குளிருக்குள் திரியாதே. வெறும் பாண் துண்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சோறு கொஞ்சமாவது வை. புனித யூதா ததேயுவிடம் உனக்காக மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும், நீ இருக்கிற அந்த அறையையும் ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். ரிஸ்கான் பெட்டியை வேறு ஆருக்கும் கொடுக்காமல் எங்களுக்காகத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறான், பாவம், அவனை நெடுநாள் காக்க வைக்காதே மகள்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
செசீலியா ஜெயராஜா

பி.கு: நான் இதை எழுதிக்கொண்டிருக்க, அப்பா கட்டில் கழற்றுகிற ஸ்பனரைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடித் திரிகிறார். அது அரிசி வாளிக்குள் இருக்கிறது. உன் பதில் வரும்வரை அங்கேதான் இருக்கும்.